தென்னை மரத்திலிருந்து தறிக்குழியில் விழுந்தவர்

1

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமா? முட்டிவலிக்காரர்களுக்கு நேற்றைக்கு இன்று தேவலையா? சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போட்டாயிற்றா? போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போனால் கதை உங்களுக்காக நிற்காது. (நிற்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் வரவில்லை. மனசாட்சி உறுத்தியும் வரவில்லை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இலை சுருண்டுகொண்டே போனது. என்ன வைத்தியம் என்று போனில் தேடினேன். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, தோட்டம் அமைத்துத் தரும் தொழிலதிபர்கள் தங்கள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுச் செலவைக் குறைக்கப் பத்து வழிகள் என்று ஒரு கட்டுரையை நீட்டியது. ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவளைத் தொழிலதிபர் என்று மதித்தது அந்த போன் ஒன்றுதான். அந்த மரியாதைக்காகவே முழுதும் படித்தேன்.

நல்ல கட்டுரை. ஆட்களுக்கு வேலையைப் பழக்கிக் கொடு, பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கிக் கொடு, அடிபட்டால் மறைக்காமல் உடனே சொல், யார் என்ன வேலை செய்கிறாரோ அதையே எழுது. இப்படிப் போனது. இதை எங்கள் ஆரணியில் யாராவது படித்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். பத்து வழியையும் பொறுமையாகப் படிப்பார்கள். படித்துவிட்டுப் பதினோராவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பதினோராவது வழிதான் கதை.

கறிவேப்பிலை செத்துவிட்டது. கேட்பீர்கள் என்று சொல்லி வைக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பனித்துளி படர்ந்த பசும்புல்வெளியின் மீது பொன்னிறக் கதிர்கள்..."

வேண்டாம். அந்தப் புல் முந்தாநாள் ஓசூரிலிருந்து லாரியில் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தது. பனித்துளியும் அதே லாரியில் வந்ததா என்று கேட்பீர்கள்.

இரண்டாம் முயற்சி:

"ஹேமலதாவின் கணவர் வாசலில் நின்று போனைப் பார்த்தபடி..."

இதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் எழுதியும் அந்த மனுஷர் போனை விட்டு நிமிரவில்லை. கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் எங்கே என்று ஹேமலதா இதுவரை கேட்கவில்லை.

மூன்றாம் முயற்சி, இதுவே நிற்கட்டும்:

ஹேமலதாவுக்குச் சேவூர். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்தவர்கள் பங்களா கட்டினார்கள். பங்களாவுக்கு முன்னால் புல்வெளி இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் மதிப்பதில்லை என்று ஆனபோது, அவள் ஒரு பழைய டெம்போவையும் புல் வெட்டும் மிஷினையும் வாங்கி 'ஹேமா லேண்ட்ஸ்கேப்ஸ்' என்று போர்டு மாட்டினாள். பங்களாக்கள், கல்யாண மண்டபங்கள், ஒரு காலேஜ். புல் பதிக்க, தண்ணீர் பிடிக்க, வேலி கத்தரிக்கப் பெண்கள் இருந்தார்கள். தென்னை ஏறி மட்டை கழிக்க ஒரே ஒருவர், துளுக்காணம்.

காலேஜ்காரர்கள்தான் ஆரம்பித்தார்கள். ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டோம் என்றார்கள். ஏஜென்ட் வந்து கணக்குச் சொன்னார். தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம்தான். மரம் ஏறுகிறவருக்குத்தான் பிரீமியம் மரத்தைவிட உயரம்.

ஹேமலதா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எழுதினேன். பொய். சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தம்பிக்கு போன் போட்டாள்.

3

தம்பி பாலு முள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிறான். ஆட்கள் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து பட்டு நெய்கிறார்கள். அவர்களுக்கு அவன் ஒரு பாலிசி போட்டிருந்தான்.

"அக்கா, மரம் ஏர்றவன்னு எழுதினா எவன் கம்மியா குடுப்பான்? என் பாலிசியில தறிக்காரங்க கீறாங்க. குந்திகினு வேலை செய்றவங்க. அவங்களுக்கு மிஞ்சிப்போனா இன்னா ஆவும், காலு மரத்துப் போவும். துளுக்காணத்தையும் அதுல சேத்துடறேன்."

"அவருக்குப் பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாதுடா."

"இன்சூரன்ஸ்காரனுக்கு மட்டும் தெரியுமா?"

ஹேமலதா போனை வைத்தாள். பெண்களை உள்ளபடியே எழுதி ஒரு பாலிசி எடுத்தாள். துளுக்காணம் பேர் தம்பியின் பாலிசிக்குப் போனது, நெசவாளி என்று.

இது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. வேறு ஊரில் பொய் எழுத வேண்டுமென்றால் வாட்ச்மேன் என்றோ டிரைவர் என்றோ யோசித்து எழுதுவார்கள். இங்கே யாருக்கு என்ன வேலை என்று தெரியாவிட்டாலும் நெசவு என்று எழுதிவிடுவோம். பாதிப் பேருக்குச் சரியாக இருக்கும்.

* மரம் ஏறும்போது கட்ட வேண்டிய பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேமலதா அதை வாங்காமல் இல்லை. வாங்கினாள். வந்த வாரமே ஆயுத பூஜை. மண்வெட்டி, கத்தரி, புல் மிஷினோடு பெல்ட்டையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்த புதுப்பொருளை அழுக்காக்க மனம் வரவில்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் மாட்டியிருக்கிறாள். அந்த பீரோ இன்றுவரை எங்கிருந்தும் விழவில்லை.

4

மண்டபத்தில் முகூர்த்தம். வாசல் தென்னையில் குலை முற்றித் தொங்கியது. மாப்பிள்ளை தலையில் தேங்காய் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று மண்டபத்து மேனேஜர் பதறினார். துளுக்காணத்தை ஏறச் சொன்னாள் ஹேமலதா.

[இங்கே அவர் விழுவதை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காற்று, மட்டை, வானம், பிள்ளைகளின் முகம் எல்லாம் வந்தன. அடித்துவிட்டேன். விழுகிறவருக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.]

விழுந்தார். கூட வேலை செய்யும் பெண்கள் பதித்த புல்வெளிமேல் விழுந்தார். கீழே சிமென்ட்டாக இருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. கம்பி வைத்தார்கள். இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் ஊன்றி நடப்பார், இல்லாவிட்டால் கக்கத்தில் கட்டைதான் என்றார்கள். மாப்பிள்ளை தலையில் எதுவும் விழவில்லை. கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்வி.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது பாலு முந்திக்கொண்டான்: "வேலை செஞ்சிகினு இருக்கசொல்ல விழுந்துட்டாருங்க." பார்த்தீர்களா, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

5

ஆபரேஷனுக்கும், வேலை இல்லாத மாதங்களுக்கும் பணம் வரவேண்டும். வருவதற்கு இருப்பது ஒரு பாலிசி. அது நெசவாளிக்கு. நெசவாளி எங்கிருந்து விழுவார்?

எங்கள் பக்கம் தறி தரையோடு இருக்கும். கீழே ஒரு குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நெய்வார்கள். ஆகவே துளுக்காணம் தறிக்குழியில் விழுந்தார் என்று பாலு முடிவு செய்தான். அவரை ஆட்டோவில் முள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்து, தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தான்.

துளுக்காணத்துக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஹேமாம்மா, எவ்ளோ ஒசரத்துலேர்ந்து வுழுந்தவன் நானு. குழியில வுழுந்தேன்னு சொன்னா என் மச்சான் இன்னா சொல்லுவான் தெரியுமா? குடிச்சிருந்தான்னு சொல்லுவான்."

"உன் மச்சான் இன்சூரன்ஸ் குடுப்பாரா?" என்றாள் அவர் மனைவி காத்தாயி. "வாய மூடிகினு படு."

ஹேமலதா கட்டிலைச் சுற்றி வந்து அவர் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தாள். இந்த இடத்தில் அவளை அழ வைக்கலாமா என்று பார்த்தேன். மாட்டேன் என்றாள். அழுதால் யாராவது காரணம் கேட்பார்கள்.

6

இனி இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணை அதிகாரி வரவேண்டும். அவரைப் பெரிய மீசையும் தோல் பையுமாக ஒரு வில்லனாகத்தான் முதலில் செய்தேன். செய்து முடித்ததும் அவர் பெயர் அறவாழி என்றும், பெரணமல்லூர்ப் பக்கத்தில் நயினார் என்று சொல்லும் ஜைனக் குடும்பம் என்றும் தெரிந்தது. மீசையைத் தானே எடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு பாத்திரம் இப்படி நம்மைக் கேட்காமல் நடந்துகொண்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பாலு உருளைக்கிழங்கு போண்டாவை நீட்டினான்.

"கெழங்கு சாப்பிடறதில்லீங்க."

"அய்யோ, நயினார் வூட்டுக்காரங்கன்னு தெரியாம போச்சு சார். பஜ்ஜி சொல்லட்டா?"

"வேணாங்க. பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம், அதுக்குள்ள வூட்டுக்குப் போவணும். ஜல்தியா முடிச்சிடலாம்." கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னா நெய்துகினு இருந்தீங்க?"

"பொடவ சார்," என்றார் துளுக்காணம்.

"இன்னா கலரு?"

துளுக்காணத்துக்குத் தொழிலில் தெரிந்தது ஒரே நிறம்.

"பச்ச."

"பார்டரு?"

"அதுவும் பச்சதான்."

"இப்ப அதான் சார் ஃபேஷன்," என்றான் பாலு.

அறவாழி தறியைப் பார்த்தார். அதில் அரக்குச் சேலை பாதி நெய்தபடி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்த் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து காலை இறக்கினார். முட்டிவரை போனது.

"இவ்ளோதானா?"

"அன்னிக்கு இன்னும் ஆழமா இருந்துது சார்."

(பாலு இதைச் சொல்வான் என்று நான் திட்டமிடவில்லை. அவனாகவே சொன்னான்.)

"இவரு நெஞ்சுல இன்னா இவ்ளோ சிராய்ப்பு?"

"பாவு நூலு, நீளவாக்குல ஓடுமே சார், அது உரசிச்சு," என்றான் பாலு.

"பட்டு இவ்ளோ முரடா? அப்புறம் பொம்பளைங்க எப்பிடிங்க கட்டறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. துளுக்காணத்துக்கு மட்டும் வாய் கோணிக்கொண்டு வந்தது. சிரித்தால் தொடை வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டார்.

அறவாழி ஜன்னலைப் பார்த்தார். வெயில் மஞ்சளாகிவிட்டது. பிறகு, இவ்வளவு நேரமும் தறியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹேமலதா பக்கம் திரும்பினார்.

"அம்மா, பஸ்ஸு போயிட்டா எனக்கு இன்னிக்குப் பட்டினிதான். இந்த மனுசன் யாருகிட்ட வேலை செஞ்சாரு, எங்கேர்ந்து விழுந்தாரு? நீங்க சொல்றத எழுதிக்கிறேன். அப்புறம் நான் பாத்தத எழுதுவேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா எல்லாருக்கும் பேஜார் மிச்சம்."

ஹேமலதாவுக்குத் தெரியும். மரம் என்று சொன்னால் கம்பெனி கையை விரித்துவிடும். அப்போது சட்டம் அவள் பக்கம் திரும்பும். இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை வாங்கியவர்தான் கொடுக்க வேண்டும். டெம்போ போகும், மிஷின் போகும், காலேஜ் போகும், புல் பதிக்கும் பெண்களுக்கு வேலை போகும். குழி என்று சொன்னால், இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டால், துளுக்காணத்தின் கால் பிழைக்கும். மூடிக்கொள்வாரா? எனக்கும் தெரியாது. நான்தான் அவரை உண்டாக்கினேன். கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறார்.

காத்தாயி ஹேமலதாவின் கையைப் பிடித்தாள்.

"எந்தக் கத சொன்னா காலு நல்லாவுமோ, அந்தக் கதய சொல்லும்மா. எங்களுக்கு மரமும் ஒண்ணுதான், குழியும் ஒண்ணுதான்."

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. ஹேமலதா குழி என்கிறாள். அறவாழி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறார். பணம் வருகிறது, கால் ஆகிறது. விஷயம் ஊரில் பரவுகிறது. அடுத்து ஒரு கொத்தனார் தறிக்குழியில் விழுகிறார். பிறகு ஒரு எலக்ட்ரீஷியன். பிறகு பஸ்ஸோடு ஒரு டிரைவர். நாட்டிலேயே ஆபத்தான தொழில் பட்டு நெசவு என்று கம்பெனி முடிவுக்கு வந்து பாலுவின் பிரீமியத்தை ஏற்றிவிடுகிறது. பாலு உடனே அக்காவுக்கு போன் போடுகிறான்: "அக்கா, என் தறிக்காரங்க எல்லாரையும் உன் பாலிசியில தண்ணி புடிக்கிறவங்கன்னு சேத்துக்கயேன்."

இரண்டு. மரம் என்கிறாள். எல்லாவற்றையும் விற்று அவளே ஆபரேஷன் செய்து வைக்கிறாள். துளுக்காணம் எழுந்து நடக்கிறார், நடந்து போய் நிற்க வேலையில்லை. ஆரணி பங்களாக்களில் புல் இடுப்புயரம் வளர்ந்து, அதில் ஆடு கட்டியிருப்பதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போகிறார்கள். நியாயம் ஜெயித்துவிட்டது, வெட்டத்தான் ஆளில்லை.

மூன்று. கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது: அடிபட்டவரை வீட்டில் உட்கார வைக்காமல் இலேசான வேலைக்குத் திரும்ப அழையுங்கள், செலவு குறையும். துளுக்காணம் நாற்காலியில் உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்புகிறார். குந்திகினு வேலை செய்கிறவர் என்று பாலு எழுதியது கடைசியில் உண்மையாகிறது. பீரோவிலிருந்து பெல்ட் வெளியே வருகிறது, குங்குமத்தோடு. எல்லோரும் சந்தோஷம். இதில் காலுக்கு யார் கொடுத்தார்கள் என்று எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை. அந்த இடம் வந்தால் சந்தோஷம் நிற்கவில்லை, விட்டுவிட்டேன்.

8

ஹேமலதா காத்தாயியின் கையை எடுக்காமலே சொன்னாள்:

"சார், அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னா..."

இத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் இப்படி நிறுத்தி வைத்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் போடுவார்கள். நான் போட்டால் இலக்கியம் என்கிறார்கள். மூன்று முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் கொடுக்காமல் இழுத்தடிக்கிறேன். முள்ளிப்பட்டில் இன்னும் பொழுது சாயவில்லை, நான் சாய விடவில்லை. அறவாழி பசியோடு இருக்கிறார். துளுக்காணம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடியே இருக்கிறார். நான் தாமதிக்கிற நேரத்துக்கெல்லாம் வலி அவருக்குத்தான்.

அதனால் நீங்கள் எழுதுங்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், உங்களிடம் வேலை செய்த யாருக்காவது இப்படி அடிபட்டிருக்கும். அவரை என்ன வேலைக்காரர் என்று எழுதினீர்கள்? எங்கே விழுந்ததாகச் சொன்னீர்கள்? கடைசியில் யார் கொடுத்தார்கள்? நடந்தது நடந்தபடி எழுதி அனுப்புங்கள். அழகாக எழுதியவை, நியாயமானவை எல்லாம் மெதுவாக வரட்டும். கால் ஆன கதை யாரிடமாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். காத்தாயி கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.