வெயிலில் வந்த கல்

2006 மே 12, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது, கடும் வெயில். சூளகிரியில் தன் பட்டறையில் தேய்த்த கருங்கல் மேசையைப் பொற்கொடி மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்திருந்தாள். உதிரிபாகங்களை வைத்து அளக்கும் சமதள மேசைக்கு இதுவரை வெளிநாட்டுக் கல்லையே வாங்கியவர்கள், முதன்முறையாக உள்ளூர்க் கல்லைச் சோதிக்கிறார்கள்.

இறக்கியவுடனே அளந்த ஆய்வாளன் ஆனந்த் உதட்டைப் பிதுக்கினான். "நடுவுல ஆறு மைக்ரான் மேடு. வரம்பைத் தாண்டுது, தேறாதுங்க."

"லாரியில வெயில் குடிச்ச கல்லு சார். மேல சூடு, அடியில இல்ல, அதான் புடைச்சிருக்குது. ஒரு நாள் உங்க ஏசி ரூம்ல கெடக்கட்டும்."

"கல்லுக்கும் ஏசியா?"

"உங்களுக்கு மட்டும்தானா சார்?"

மறுநாள் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். இரவெல்லாம் ஏசி அறையில் கிடந்த கல்லை ஆனந்த் அளந்தான். அளவுமானியின் முள் வரம்பைத் தாண்டவில்லை. நம்பாமல் மூலைக்கு மூலை மீண்டும் அளந்தான். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினான்.