கடினமான ரீடு

கிளாரினெட் முதன்முதலாக மனிதக் குரலில் பேசியபோது ஒத்திகை அறையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினேழு பேர் அதை இருமல் என்று நினைத்தார்கள். வாசித்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் சொற்கள் விளங்கின: “நான்தான் சீவினேன்.” நகராட்சி பேண்டு குழுவில் பதினோரு ஆண்டுகளாக தலைமைக் கிளாரினெட்காரர் உட்காரும் முதல் நாற்காலி அவருடையது. அந்த நாற்காலிக்கான தேர்வன்று காலையில், போட்டிக்கு நின்ற அவருடைய தங்கை கிளாரினெட்டின் வாய்முனையில் பொருத்தும் தன் ரீடைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அவர் அந்த நாணல் பட்டையின் நுனியைச் சவர பிளேடால் இழைத்து, மறுபடி டம்ளரில் போட்டுவிட்டார். நுனி மெலிந்துபோனால் நாக்கு தொட்டதும் சுரம் அறுபடாது, அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். தேர்வில் அவளுடைய வேகமான சுரங்களெல்லாம் குழைந்துபோயின. அவள் அதன்பிறகு வாசிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனாள்.

கருவி பேசத் தொடங்கியதும் அவர் கிடைத்ததிலேயே மென்மையான ரீடுக்கு மாறினார். பேச்சு முணுமுணுப்பாகத் தேய்ந்தது. கூடவே வாசிப்பும் தேய்ந்தது. “என்ன அண்ணே, நோட்டெல்லாம் சோப்புல வழுக்குது?” என்றார் டிரம் வாசிப்பவர். பேண்டு மாஸ்டர் ஒரு கடினமான ரீடை அவர் கையில் கொடுத்து, “ஞாயித்துக்கிழமை மேடையில இதைத்தான் போடுறீங்க” என்றார். அதைப் போட்டால் ஒவ்வோர் எழுத்தும் கடைசி வரிசைவரை கேட்கும் என்று அவருக்குத் தெரியும். காய்ச்சல் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று, கருவியிலிருந்த மென்மையான ரீடைக் கழற்றி, கடினமானதைப் பொருத்தி ஊதினார். கருவி தெளிவாகச் சொன்னது: “நீ குளிக்கப் போயிருந்தப்ப உன் ரீடை நான்தான் சீவினேன்.” துணி மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது.

“பிளேட எத்தனை தடவ இழுத்த?”

“மூணு.”

“என் நாக்குதான் சரியில்லன்னு இருந்தேண்ணா. இத்தனை வருஷமும்.”

அவரால் தலை நிமிர முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, அதைக் கேட்கவும் கூசி, உள்ளேயே போய்விட்டது. அவள் கடைசித் துண்டையும் மடித்து வைத்தாள். “இனிமே மென்மையானது போடாத” என்றாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கேட்டது. மறுநாள் அவர் யாரும் சொல்லாமலே கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார். பணி ஓய்வுவரை கடினமான ரீடையே போட்டார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிளாரினெட் அதையே சொன்னது, அவருடைய காதுமடல்கள் ஒவ்வொரு முறையும் சிவந்தன. தங்கை சில நாள் வந்து மூன்றாம் வரிசையில் உட்காருவாள், முடியும் முன்பே எழுந்து போவாள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினால், பக்கத்தில் இருப்பவர் தாளைப் புரட்டிக்கொண்டே சொல்வார்: “அது அவர் தங்கச்சி விஷயம். நீங்க தாளத்த விட்டுடாதீங்க.”