ஏழாம் நாள் துணி

எனக்கு அவசரப்புத்தி. பிள்ளை விஷயத்தில் அது செய்த வேலை அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் யூத முறைப்படி, மாதவிலக்கு நின்றபின் காலையும் மாலையும் வெள்ளைத் துணியால் சோதித்து, ஏழு நாள் சுத்தமாக எண்ண வேண்டும். நடுவில் துளி ரத்தம் பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. ஏழும் முடிந்து இருட்டியதும் மிக்வே என்னும் சடங்குத் தொட்டியில் முங்கி எழுந்தால்தான் கணவன் என்னைத் தொடலாம். அதுவரை எல்யகிம் தேநீர்க் கோப்பையைக்கூட என் கையில் தரமாட்டான். மேஜையில் வைப்பான், நான் எடுத்துக்கொள்வேன். எனக்குக் கருமுட்டை சீக்கிரமே வந்துவிடுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணிக்கை உடைந்தால் அந்த மாதமே வீண். மூன்று வருடமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம்.

அன்று ஏழாம் நாள். காலையில் சோதித்த வெள்ளைத் துணியில் கடுகளவு பழுப்பு. நாளெல்லாம் மறைத்து வைத்திருந்து, மூன்றரை மணிக்கு அதைத் தூக்கிப்போடக் குப்பைக்கூடையைத் திறந்தேன்.

“ரபிகிட்ட காட்டினியா?” என்றான் எல்யகிம். கறை ரத்தமா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது எங்கள் மதகுருவான ரபிதான்.

“இதைப் போய் ஒரு ஆம்பளகிட்ட காட்டுறதா? மானம் போகுது.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன. நீ எப்போ ரபியான?”

சுருக்கென்றது. துணியை ஓர் உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். ஜெருசலேமின் குளிர்காலச் சூரியனோ நாலரைக்கெல்லாம் மூட்டை கட்டிவிடும். சந்தைக்குள் ஓடினேன். ஆரஞ்சுக் கூடை ஒன்று உருண்டது.

“கண்ணு தெரியலையா?” என்று கத்தினான் கடைக்காரன்.

“பொழுது சாயுதுய்யா!”

ரபி கலிமி மாலைத் தொழுகைக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்காமல் திரும்பி ஏறினார். ஜன்னலருகே துணியைப் பிடித்தார்.

“சுத்தம்.”

“நிஜமாவா? இன்னொரு தடவை பாருங்க!”

“நாப்பது வருஷமா பாக்கறேன் மகளே. இதுல சிவப்பே இல்ல. சாயங்காலத் துணியும் இப்படியே இருந்தா இன்னிக்கே போய் முங்கு.”

“அப்போ போன மாசம்? அதுக்கு முந்தின மாசம்? இதே நிறந்தான்!”

“அந்தத் துணியெல்லாம் எங்க?”

“குப்பையில.”

“நான் பாக்காததுக்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே குப்பைக்கூடைகிட்ட கேக்காத, என்கிட்ட கேளு.”

அழுகையும் சிரிப்புமாக வீட்டுக்கு ஓடினேன். என் மீதே எனக்கு ஆத்திரம், ஆனால் சந்தோஷம் அதை எங்கேயோ தள்ளிவிட்டது. சூரியன் விழுவதற்குள் மாலைத் துணியையும் பார்த்தேன். பால் வெள்ளை!

எல்யகிம் வழக்கம்போல் தேநீரை மேஜையில் வைத்துவிட்டு விலகி நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“என்ன சொன்னார்?”

“நாளைக்குக் காலையில டீயை மேஜையில வைக்காத.”

விழித்தான். பிறகு ஜன்னலுக்கு ஓடி, நட்சத்திரம் வந்துவிட்டதா என்று வானத்தைத் துழாவ ஆரம்பித்தான்.