ரிவர்ஸில் ஏறும் படகு

மருந்துக்கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் லைசென்ஸ் கிடைத்தது, அதுவும் மூன்றாவது தடவை போய். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற பெண்மணிக்கு, காரைப் பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் இடம் எது வலம் எது என்றே குழம்பிவிடும். டெஸ்ட் எடுத்த அதிகாரிக்கு அன்று என்ன நல்ல மனசோ, பாஸ் போட்டுவிட்டார்.

வீட்டில் இதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். சேதி போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், கொழுந்தனார் போன் போட்டார்.

"வண்டி சும்மாதானே நிக்குது அண்ணே. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

அண்ணனும் சரி என்றுவிட்டார். லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருத்தி அதே அறையில் துணி மடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துபோய்விடும்? கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"தீவுப் பக்கம் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன். தனியா ஓட்டிட்டுப் போய்த் திரும்பிட்டேன்னா வண்டி இங்கயே இருக்கட்டும். முடியலன்னா உங்க தம்பிக்கு நானே சாவியைக் குடுத்துடறேன்."

"வண்டி பத்திரம்" என்றார் அவர். பெண்டாட்டி பத்திரம் என்று வாய் தவறிக்கூட வரவில்லை.

சீசன் முடிந்திருந்தது. யோசித்துத்தான் இந்த நாளைப் பிடித்தாள். ரோட்டில் ஆள் இல்லாவிட்டால் அவள் செய்கிற தப்பைப் பார்க்கவும் ஆள் இருக்காது. வண்டிகளை ஏற்றிப் போகிற பெரிய படகில் காரை நேராக ஏற்றி, மறுகரையில் நேராக இறங்கினாள். முதல் தீவில் ஐஸ்கிரீம் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. விடுதி முற்றத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிக் கயிறு போட்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டினால் இரண்டாவது தீவு. அங்கே எதிரே வந்த ஒரே வண்டி தபால் வேன். அதன் டிரைவர் கை காட்டினார். இவளும் மகாராணி மாதிரி கை காட்டினாள். முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அந்த ஜோரில் மூன்றாவது தீவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று துறைக்குப் போனாள். அங்கே நின்றது நாலு வண்டி மட்டும் கொள்ளும் சின்னப் படகு. வண்டி உருளாமல் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிற பெரியவர் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"சீசன்லதாம்மா இங்க பெரிய படகு. இப்ப இதுதான். இதுக்கு ஒரே வாசல். ரிவர்ஸ்ல ஏறினாத்தான் அங்க நேரா இறங்க முடியும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பின்னால் நின்ற கேஸ் லாரிக்காரர் இறங்கி வந்தார். "சாவியைக் குடுங்கம்மா, நான் ஏத்திடறேன்." கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு மனசு சுருங்கிப் போயிற்று.

தீவில் ஒரே ரோடு. ஒரு கோடியில் தபாலும் மளிகையும் சேர்ந்த கடை, மறு கோடியில் கலங்கரை விளக்கம். நடுவில் காற்றுதான். அழகான இடம். ஆனால் திரும்பும் படகை நினைத்து நினைத்து வாங்கிய டீயை அப்படியே ஆறவிட்டாள்.

நாலு மணிக்குக் கடைசிப் படகு. கேஸ் லாரி அன்றிரவு தீவிலேயே தங்கல். துறையில் நின்றது அவள் கார் மட்டும்தான்.

"நீங்களே ஏத்திக் குடுங்களேன்" என்று கட்டைக்காரரிடம் கெஞ்சினாள்.

"எனக்குக் கார் ஓட்ட வராதும்மா. காத்து ஏறுது, ரொம்ப நேரம் நிக்க முடியாது. வண்டியை விட்டுட்டு நீங்க வாங்க. நாளைக்கு யாராவது வந்து எடுத்துக்கட்டும்."

யாராவது என்றால் யார்? கொழுந்தனார்தான். அவர் எடுத்துப் போவார், போகிற வீட்டு விசேஷத்திலெல்லாம் பத்து வருஷத்துக்கு இதையே சொல்லிச் சிரிப்பார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். முதல் தடவை கார் தண்ணீரைப் பார்த்துப் போயிற்று. இரண்டாவது தடவை இஞ்சின் நின்றுபோனது.

"என்னைப் பாக்காதீங்க. படகுல போட்டிருக்கற மஞ்சக் கோட்டைக் கண்ணாடில பாருங்க. வாங்க, வாங்க."

மூன்றாவது தடவை இரும்புப் பலகை ஏறியது, இடது பக்கம் கிர்ரென்று கம்பியில் உரசியது. "நிறுத்தாதீங்க, வாங்க!" என்று கத்தினார் பெரியவர். வந்துவிட்டாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். பெரியவர் ஏற்கெனவே வைத்த கட்டையையே இன்னும் மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கரை தெரிகிறபோது போன் அடித்தது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?" கணவர்.

"ஆச்சு. ஒரு பக்கக் கதவு பூரா கீறிடுச்சு. சின்னத் தீவுப் படகுல ரிவர்ஸ்ல ஏத்தறப்போ."

சரி, சாவி போயிற்று என்று நினைத்தாள்.

"அந்தப் படகுலயா? நீயேவா ஏத்தினே?"

"போறப்போ ஒரு லாரிக்காரர் ஏத்தினார். திரும்பறப்போ நான்தான்."

"நான் ஒரு தடவை அதுல ஏத்தப் பாத்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கல்யாணமான புதுசு. வேலை விஷயமா தனியாப் போயிருந்தேன். முக்கால் மணி நேரம் முட்டி மோதினேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன். உங்கிட்டகூடச் சொன்னதில்ல."

இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அந்த மனுஷனை நினைத்து மனசு இளகிப் போயிற்று.

"தம்பியை வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். "நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போறியா? கண்ணு முழுசா மங்கறதுக்குள்ள அந்தத் தீவைப் பாத்துடணும்."

அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"போலாம். ஆனா நான் ரிவர்ஸ் எடுக்கறப்போ வாயைத் திறக்கக் கூடாது."

"மூச்சுகூட விடமாட்டேன்" என்றார் அவர்.