எதிர்க்கடைக்குப் போன கொம்பியூட்டர்

வல்லிபுரம் நான்காவது முறையும் அந்தப் பழைய கொம்பியூட்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாவற்குடாவுக்கு வந்தார். ஆனால் ஜெயந்தனின் கடையில் நிறுத்தவில்லை. வீதியைக் கடந்து நிருஷாவின் கடைக்குள் போனார்.

பதினான்கு வருடமாக அந்த வீதியில் கொம்பியூட்டர் திருத்த ஜெயந்தனின் கடை ஒன்றுதான் இருந்தது. எதிரே நிருஷா கடை போட்டு எட்டு மாதம். முதல் மாதம் ஜெயந்தன் "பாவம், பழகட்டும்" என்றுதான் சொன்னான். மூன்றாம் மாதத்திலிருந்து அவள் கடைக்குள் யார் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினான். தன் சொந்தத் தங்கை போனைத் திருத்த அங்கே போனது தெரிந்த அன்று, வீட்டில் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டான்.

வல்லிபுரம் வவுணதீவில் விவசாய அமைப்பொன்றின் செயலாளர். அவர்களின் வயல்வெளியான வட்டையில் வேளாண்மை செய்கிற எல்லோருடைய விபரமும் அந்தக் கொம்பியூட்டரில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே முறைப்பாடு.

"திரை கறுத்துப் போகுது மனே. விண்டோஸ் அசல் இல்லையாம், அக்டிவேட் பண்ணட்டாம்."

ஜெயந்தன் பென்டிரைவில் வைத்திருந்த கள்ள மென்பொருளை ஓட்டுவான். திரை வெளிக்கும். அவர் கொண்டுபோய் ஒரு வாரத்தில் மறுபடியும் கறுக்கும்.

இப்போது அவள் முறை. 'அவளிட்டயும் திரும்பி வரும்' என்று காத்திருந்தான். ஒரு வாரம் போனது. பெருமழை வந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் அவள் கடையும் சும்மா கிடந்தபோது அவனுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. மூன்று வாரமாகியும் வல்லிபுரம் வரவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனான்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தன் ஐயா. கொம்பியூட்டர் எப்பிடி?"

"இப்ப ஒரு கரைச்சலும் இல்ல. இரி மனே, தேத்தண்ணி கொண்டுவாறன்."

அவர் போனதும் கொம்பியூட்டர் மேசை முன்னால் உட்கார்ந்து பார்த்தான். விண்டோஸ் அசல் என்றே திரை காட்டியது. அவனுடைய மென்பொருள் இருந்த இடமே தெரியவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் தூசி துடைத்திருந்தது. அங்கே, வாங்கும்போதே ஒட்டி வந்த ஸ்டிக்கரில், அசல் விண்டோஸின் இலக்கம். மூன்று முறையும் அவன் கைபட்ட பெட்டிதான், தூசியைத் துடைத்துப் பார்க்கவில்லை.

கொம்பியூட்டரை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினான். மதர்போர்டில் காசு அளவில் புதுப் பெட்டறி பளபளத்தது. அப்போதுதான் புரிந்தது. திகதியைக் காத்து வைக்கிற பழைய பெட்டறி செத்திருக்கிறது. இடிமின்னலுக்குப் பயந்து வல்லிபுரம் வயரைப் பிடுங்கும்போதெல்லாம் திகதி பழைய வருடத்துக்குப் போய், அக்டிவேஷன் குழம்பியிருக்கிறது. திகதி பிழையாக இருந்ததை ஜெயந்தனும் கண்டான். மூன்று முறையும் திருத்தினான். ஏன் பிழையாகிறது என்று யோசிக்கவில்லை.

அவள் யோசித்திருக்கிறாள். நகத்தால் நெம்பி அந்தப் பெட்டறியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். மூடியைப் பூட்டினான்.

வல்லிபுரம் தேத்தண்ணியை நீட்டினார். "அந்தப் பிள்ள உன்னப் பத்திக் கதைச்சது. 'ஜெயந்தன் அண்ணன் புதுசா விண்டோஸ் போடாம விட்டது நல்லம் ஐயா, பைலெல்லாம் அப்பிடியே இரிக்கி' எண்டு."

அவன் புதிதாகப் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். அவள் குறை சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டான்.

பாலத்தின் நடுவில் நிறுத்தினான். கீழே ஒருவர் தோணியில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டறியை எடுத்து வாவிக்குள் எறியக் கை ஓங்கினான். எறிந்தால் அடுத்த வாரம் வல்லிபுரம் அவளிடம்தான் போவார். அவள் திறந்ததுமே, பெட்டறி தானாகக் கழன்று போகாது என்று அறிவாள். யார் என்றும் அறிவாள். அப்போதும் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றைப் போட்டுக் கொடுப்பாள். அதை நினைக்கத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

வண்டியைத் திருப்பினான்.

பெட்டறியைப் பொருத்தித் திகதியைச் சரிசெய்யும்வரை வல்லிபுரம் வாசலில் நின்று பார்த்தார்.

"எங்கயிருந்து மனே அது வந்த?"

"நான்தான் கழட்டின, ஐயா."

"என்னத்துக்கு?"

"அவள் கண்டுபிடிச்சத என்னால பொறுக்க ஏலாமப் போயிற்று."

அவர் உள்ளே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, "இதுக்குள்ள எத்தின குடும்பத்திர விபரம் கிடக்கெண்டு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ஜெயந்தன் குனிந்து மூடியைப் பூட்டினான்.

அடுத்த மாதம் திருத்த வந்த ஒரு மடிக்கணினி அவனை நான்கு நாள் அலைக்கழித்தது. ஐந்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தான்.

"வாங்கண்ண," என்று நிருஷா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"எனக்குப் பிடிபடுதில்ல தங்கச்சி. ஒருக்காப் பார்."

அவள் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கும் ஒரு நாளாவது ஆகட்டும் என்று அவன் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். பத்து நிமிடத்தில் அவள் நிமிர்ந்து சிரித்தாள்.