மிசுனரா மரப் பீப்பாயும் ஒரு ஜிஞ்சர் ஏல் போத்தலும்

1

இந்தக் கதை ஒரு முகச்சுளிப்பில் பிறந்தது. போன மாரியில், மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. ஒருவர் யப்பானிய சிங்கிள் மோல்ற் விஸ்கியைப் பயபக்தியோடு வார்த்துக் கொடுத்தார். வாங்கியவர் அதன் தலையில் ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடாவைக் கவிழ்த்தார். கொடுத்தவரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: யப்பானில் விஸ்கி காய்ச்சத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல்… (கட்டுரை. வேண்டாம்.)

பிறகு இப்படி: ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் போத்தலைத் தன் மகனைவிட… (அநியாயம். மனுசன் மகனில் உயிரையே வைத்திருக்கிறார்.)

மூன்றாவது தடவை, மத்தியானச் சாப்பாட்டில் தொடங்குகிறேன்.

2

ஞாயிற்றுக்கிழமை. ரூஜ் பகுதியில் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீடு. சம்பந்திகளாகப் போகிறவர்களோ இல்லையோ, வின்சன்றும் மரியம்மாவும் பூசை முடிந்து நேரே வந்திருக்கிறார்கள். மன்னார்க் கத்தோலிக்கர். அவர்களுடைய மகள் றெபேக்காவும் இவருடைய மகன் அபிஷனும் பல வருடங்களாக விரும்புகிறார்கள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. தாலி எங்கே ஏறுவது என்பதில்தான் வழக்கு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் என்கிறார் ஸ்ரீஸ்கந்தராசா. மாதா முன்னிலையில் என்கிறார் வின்சன்ற். போனில் பேசிய ஒவ்வொரு முறையும் குரல் உயர்ந்துதான் முடிந்தது.

பிள்ளைகள் பொறுமை இழந்துவிட்டார்கள். "இண்டைக்கு நீங்கள் நாலுபேரும் ஒரு முடிவுக்கு வராட்டி, நாங்கள் சிற்றி ஹோலில றெஜிஸ்றாருக்கு முன்னால சைன் பண்ணிப்போட்டு வந்து சொல்லுறம்" என்று அபிஷன் காலையில் சொன்னான். சொன்னபடி செய்கிற பிள்ளை. தன் கண்ணுக்குத் தெரியாமல் மகனின் கல்யாணம் நடந்துவிடும் என்ற நினைப்பில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் காலைத் தேத்தண்ணியே இறங்கவில்லை.

அதனால்தான் அலுமாரியில் வருடக்கணக்காகத் திறக்காமல் வைத்திருந்த யப்பானிய விஸ்கிப் போத்தலை எடுத்தார். வார்த்தையால் கொடுக்க முடியாத மரியாதையை அதால் கொடுக்கலாம் என்று நினைத்தார்.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன், ஏனென்றால் இவரில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரைவில் இவரை ஒரு பீற்றல்காரராக எழுதியிருந்தேன். பிறகு அந்த விஸ்கியைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

யப்பானியர் ஸ்கொட்லாந்தைப் பார்த்துச் செய்தவர்கள்தான். அதை அவர்கள் ஒளித்ததில்லை. ஆனால் பார்த்ததோடு நிற்கவில்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு வடிசாலை மற்ற வடிசாலையோடு சரக்கு மாற்றிக்கொள்ளும். யப்பானில் போட்டிக்காரர்களுக்கிடையில் அந்தக் கொடுக்கல்வாங்கல் இல்லை. ஆகவே ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு வடிவக் கொதிகலன்களை வைத்து, வெவ்வேறு குணமுள்ள விஸ்கிகளைத் தாங்களே வடித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வரவில்லை. தங்கள் காட்டு ஓக் மரமான மிசுனராவை வெட்டினார்கள். அது ஒழுகும், வளைக்க வராது. அதில் ஊறிய இளம் விஸ்கியைக் குடித்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அப்படியே பல வருடம் கிடந்தபின் அதிலிருந்து சந்தனமும் சாம்பிராணியும் மணந்தன. இந்தப் பொறுமைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.*

* நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. அல்சர். பொறாமையும் இந்தப் பாராட்டில் கலந்திருக்கிறது.

ஸ்ரீஸ்கந்தராசா கொம்பனி அலுவலாக யப்பான் போனபோது, கியோற்றோவுக்குப் பக்கத்திலுள்ள அந்த நாட்டின் முதல் மோல்ற் வடிசாலையைப் போய்ப் பார்த்தவர். மிசுனராப் பீப்பாய் ஒன்றின் முன்னால் தன்னை மறந்து நின்றவர். இனி இவரைப் பகிடி பண்ண எனக்கு மனமில்லை.

4

இரண்டு கிளாசில் வார்த்தார்.

"உடன குடிக்கக் கூடாது. உள்ளங்கையால வாயை மூடி வைச்சிருங்கோ. மணம் உள்ளுக்கை நிண்டு விரியவேணும்" என்றார்.

வின்சன்றும் மரியாதைக்கு மூடிக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி ஜெயமலர் கணவாய்ப் பொரியல் கொண்டுவந்து வைத்துவிட்டு, போத்தலை முகர்ந்து, "கோயில் மணக்குது" என்றார். மரியம்மா வாங்கி முகர்ந்து, "ஓம், எங்கட தூபம் மாதிரி" என்றார்.

(இந்த இரண்டு வசனத்தையும் இரண்டு தடவை வெட்டினேன். கதாசிரியன் கையில் பிடித்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. ஆனால் அந்த மரத்தின் குணமே அதுதானே, நான் என்ன செய்ய?)

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதின்ர கதை தெரியுமே? சாக்கே எண்ட அரிசி மது காய்ச்சுற குடும்பத்துப் பெடியன் ஒருவன், முதலாம் போர் முடியிற காலத்தில ஸ்கொட்லாந்துக்கு விஸ்கி படிக்கப் போனவன். அங்க ஒரு பெட்டையை விரும்பிட்டான். ரெண்டு வீட்டிலயும் விருப்பமில்லை. ஆனா அந்தப் பிள்ளை அவனோட யப்பானுக்கு வந்து, கடைசிவரை அவனோடயே இருந்து, அந்த மண்ணிலயே செத்தது. அவள் இல்லாட்டி இந்த…"

"அவை எந்தக் கோயில்ல கட்டினவை, அண்ணை?" என்று வின்சன்ற் கேட்டார்.

"கோயில்ல இல்லை. றெஜிஸ்றாருக்கு முன்னால…"

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயால் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குசினிக்குள் பிள்ளைகளின் பேச்சு நின்றது. அபிஷன் தலையை நீட்டி, "ஸோ, இற் வேர்க்ட் அவுட், அப்பா?" என்றான். றெபேக்கா அவனுடைய சேர்ட்டில் பிடித்து உள்ளே இழுத்தாள்.

வின்சன்ற் தன் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜிஞ்சர் ஏல் இருக்கே, அக்கா?" என்றார் பிறகு.

ஜெயமலர் கொண்டுவந்து கொடுத்தார். வின்சன்ற் கிளாஸ் நிறைய ஊற்றினார். ஒரு மிடறு குடித்தார். கணவாய்த் துண்டொன்றை வாயில் போட்டார். "அருமையா இருக்கு" என்றார், முழு மனதோடு.

ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் போனது. நான் மார்க்கம் பிறந்தநாள் விழாவில் பார்த்த அதே முகம்.

(ஒன்றை அவர் சபைக்குச் சொல்லவில்லை. யப்பானியர்களே விஸ்கிக்குள் சோடாவை நிறைய விட்டு, சாப்பாட்டோடு சந்தோசமாகக் குடிப்பவர்கள். மிசுனராவை அப்படிச் செய்வார்களா என்பது வேறு கேள்வி. ஆனாலும் ஒசாக்காவில் பொரித்த கணவாயோடு இவரும் அப்படிக் குடித்தவர். ரசித்துக் குடித்தவர்.)

அப்போது வின்சன்ற் ஜிஞ்சர் ஏல் போத்தலைச் சரித்து, அவருடைய கிளாஸ் பக்கம் நீட்டினார். இவ்வளவு நாளும் "அண்ணை" என்றே அழைத்த மனுசன், "சம்பந்தி, உங்களுக்கும் கொஞ்சம் விடட்டே?" என்றார்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் உள்ளங்கை இன்னும் கிளாசை மூடியபடி இருக்கிறது.

5

முடிவு அ: கை எடுபடவில்லை. "எனக்கு வேண்டாம், நீங்கள் குடியுங்கோ." அடுத்த மாதம் சிற்றி ஹோலில் இரண்டு கையெழுத்து. (எழுதிப்பார்த்தேன். ஜெயமலர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.)

முடிவு ஆ: கையை எடுக்கிறார். காலையில் தேவாலயம், பின்னேரம் பிள்ளையார் கோயில், இரண்டு இடத்திலும் படம் பிடித்து… (வீடியோக்காரர்தான் முடித்துவைக்க வேண்டும். விடுங்கள்.)

முடிவு இ: அபிஷன் வந்து அந்தக் கிளாசைத் தூக்கி…

இல்லை. அவனைக் குசினியிலேயே நிற்கவிடுகிறேன். இது அவன் எடுக்கவேண்டிய கை இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா என்னைப் பார்க்கிறார். அந்த மணத்துக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். "சம்பந்தி" என்ற சொல்லுக்கு அதைவிடக் கூடக் காத்திருந்தார் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் ஒன்றாக வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரை நான் இப்போது அவ்வளவு விரும்புகிறேன், அதனால்தான் அவருடைய கையைத் தொட எனக்குத் துணிவில்லை.

அந்த உள்ளங்கையை உங்களிடம் தருகிறேன். குளிர்ந்த கிளாசின் விளிம்பு, அதன் கீழே சந்தனம், எதிரே சரித்த போத்தலோடு ஒரு மனுசன். கொஞ்சம் கெதியாக முடிவெடுங்கள். ஜிஞ்சர் ஏலில் காஸ் போய்க்கொண்டிருக்கிறது.