நடுவில் விழுந்த ஷட்டில்

சனிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்த என் கையில் மனைவி ஒரு டிபன் பாக்ஸைத் திணித்தாள். கழுவித் துடைத்து, மூடியை அழுத்திப் பொருத்தி, போதாக்குறைக்கு ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருந்தாள். "மேல குடுத்துடுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு, ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்றாள். மேலே என்றால் மாடி வீடு, மாடி வீடு என்றால் என் தங்கை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒரு டிபன் பாக்ஸுக்கு நன்றி சொல்லி அனுப்புகிற அளவுக்கு நிலைமை முற்றிப்போயிருந்தது. சொந்தத்துக்குள் திட்டிக்கொண்டால் நான் பயப்படுவதில்லை, பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். நன்றி சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால்தான் பேப்பரை மடித்து வைப்பேன்.

தங்கையைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். பல் டாக்டர். மாடியில் தனியாக இருக்கிறாள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கிற ஆள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்க யாராவது என்னைத் திட்டுவார்கள், நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வேன். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, வீட்டிலும் இந்த இரண்டு பேருக்கு நடுவே தூது போகிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் உண்டு.

அண்ணியும் நாத்தனாரும் வருடக்கணக்காகச் சேர்ந்து ஷட்டில் ஆடியவர்கள். சும்மா பொழுதுபோக்கு ஆட்டம் இல்லை. எங்கள் பகுதியில் பெண்கள் இரட்டையர் கோப்பை என்றால் அது எங்கள் வீட்டு அலமாரிக்குத்தான் வரும் என்று பேச்சு. சின்னவளுக்கு இடதுகைப் பழக்கம், மனைவிக்கு வலதுகை. சின்னவள் வலப்பக்கமும் மனைவி இடப்பக்கமும் நின்றுவிட்டால் இருவரின் நல்ல கையும் மைதானத்தின் நடுவில் வந்து சேரும். மற்ற ஜோடிகளைத் தோற்கடிக்க வேண்டுமானால் நடுவில் அடிப்பார்கள். இவர்களிடம் நடுவில் அடித்தால் தீர்ந்தது கதை. "எனக்கு!" என்று ஒருத்தி கத்துவாள், "எனக்குடி!" என்று இன்னொருத்தி கத்துவாள், அதற்குள் ஷட்டில் எதிராளியின் காலடியில் கிடக்கும்.

போன வருட இறுதி ஆட்டத்தில், கடைசிப் புள்ளிக்கு, எதிர்ப்பக்கத்து அம்மாள் பதற்றத்தில் தப்பாக அடித்த ஒரு ஷட்டில் அதே நடுவுக்குத்தான் வந்தது. மெதுவாக, குழந்தைகூட அடிக்கிற மாதிரி வந்தது. இருவரும் கத்தவில்லை. இருவரும் நின்று பார்த்தார்கள். அது பொத்தென்று கீழே விழுந்தது. தோல்விகூடப் பெரிதில்லை. சின்னவளுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி அப்போதுதான் மறுபடி ஆட வந்திருந்தாள். வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டிலிருந்து, "அண்ணி, என் தோளைப் பாத்துப் பாவப்பட்டு எனக்கு விட்டுக்குடுத்தீங்களா, இல்ல நான் எடுப்பேன்னு நம்பி விட்டீங்களா?" என்று கேட்டாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரும் வரும் என்று நான் வண்டியை மெதுவாகக்கூட ஓட்டினேன், வரவில்லை. அன்றிலிருந்து இருவரும் ராக்கெட்டைத் தொடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை, அதுதான் கொடுமை. படிக்கட்டில் எதிரில் பார்த்தால் ஒருத்திக்கு ஒருத்தி வழிவிட்டு நிற்பார்கள். வாடி போடி என்றிருந்த என் மனைவி அவளை "வாங்க" என்கிறாள்.

டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்ட சின்னவள் என்னை உட்காரச் சொன்னாள். "நாளைக்குக் காலைல இந்த வருசப் போட்டிக்குப் பேர் குடுக்கணும்ணா. பேங்க் மேனேஜரம்மா சேந்து ஆடலாமான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"நீயே சொல்லிடேன்."

கீழே வந்து சொன்னேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "நல்லதுதானே, அவங்க நல்லா ஆடுவாங்க" என்றாள் நிமிராமல். பிறகு ஒரு பிள்ளை சரியாகப் போட்டிருந்த கணக்குக்குச் சிவப்பு மையில் பெரிதாகத் தப்பு போட்டாள். சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, பென்சில் அழிப்பானை எடுத்துச் சிவப்பு மையை அழிக்கப் பார்த்தாள். வேறொருத்தியோடு இவள் ஆடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை அந்தப் பெயர் பதிவாகிவிட்டால் இந்த வீட்டில் காலமெல்லாம் நன்றிதான்.

அன்று மாலை நூலக மாடியில் எங்கள் வாசகர் வட்டம். அந்த மாதம் பேச வேண்டியது நான். எடுத்துக்கொண்ட நாவலில் ஒரு கப்பல் குமாஸ்தாவும் ஒரு தையல்காரியும் காதலிக்கிறார்கள். அவனுக்குத் தூர தேசத்தில் வேலை. துறைமுகத்தில் கடைசி நாள், "இரு" என்று அவள் சொல்வாள் என அவன் காத்திருக்கிறான், "வா" என்று அவன் சொல்வான் என அவள் காத்திருக்கிறாள். கப்பல் போய்விடுகிறது, போன கப்பல் மூழ்குகிறது, செய்தி கேட்ட அவள் கடலில் இறங்கி நடக்கிறாள். பஸ்ஸில் படித்து முடித்துவிட்டு, கண்ணில் தூசி என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பொய் சொன்னவன் நான். பேச்சை ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருந்தேன். விதி, காலம், சமூகம் என்று மூன்று பக்கம்.

நிமிர்ந்தால், முதல் வரிசையின் இந்த ஓரத்தில் மனைவி, கடைசி வரிசையின் அந்த ஓரத்தில் தங்கை. நடுவில் அத்தனை பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "இவங்களை விதி கொல்லலைங்க. மரியாதை கொன்னுடுச்சு" என்றேன். இறகுப்பந்தில் இரட்டையர் ஆட்டம் பார்த்திருப்பீர்கள், இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்தும் நடுவில் வருகிற ஷட்டிலை நீ எடு நீ எடு என்று விட்டுவிடுவார்கள், அந்தத் துறைமுகத்தில் விழுந்ததும் அப்படி ஒன்றுதான் என்று விளக்கினேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை, அறையில் முக்கால்வாசிப் பேர் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள். ஒருவர் இருமினார். நூலகர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தபோது மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"நீங்க சொல்றது பொருந்தாது" என்றாள், வகுப்பில் பேசுகிற குரலில். "அந்த ரெண்டு பேரும் சேந்து ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. முதல் தடவை தோத்ததும் செத்துட்டாங்க. சேந்து ஆடறவங்க அப்படியா? எத்தனை ஆட்டம் தோத்திருப்பாங்க, எத்தனை தடவை ஒருத்தர ஒருத்தர் திட்டியிருப்பாங்க. ஒரு ஷட்டில் விழுந்ததுக்கெல்லாம் அவங்க கடல்ல போய் இறங்கமாட்டாங்க."

"அப்புறம் ஏன் கார்ல வாயைத் திறக்கல?" கடைசி வரிசையிலிருந்து வந்தது கேள்வி. சின்னவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

மனைவி மெல்லத் திரும்பினாள். "பயம்டி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பாவமும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. நீ பக்கத்துல வந்துட்ட. என் ராக்கெட் உன் தோள்ல பட்டுடுமோன்னு கையே எழும்பல. அண்ணி பயந்துட்டான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நானும்தான் பயந்தேன்! கையைத் தூக்குனா வலிக்குமோன்னு நின்னுட்டேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் உங்க மேல தூக்கிப் போட்டேன்."

"நல்லா போட்ட போ! எத்தனை ராத்திரி தூங்காம கெடந்தேன் தெரியுமா?"

"நான் மட்டும் தூங்குனேனா?"

இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. நூலகர் நன்றியுரையைக் கைவிட்டு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார், நானும் அடுக்கினேன். நாவலைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படி ஒரு தோல்வியான கூட்டத்தை நான் நடத்தியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக நாற்காலி அடுக்கியதும் இல்லை.

வெயில் தாழ்ந்து தெரு மஞ்சளாக இருந்தது. அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால். பேர் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சின்னவள் பழைய ஆட்டம் ஒன்றை இழுத்தாள், மனைவி அதைவிடப் பழையதை இழுத்தாள். "உங்களுக்குக் கண்ணே தெரியல அண்ணி, அது கோட்டுக்கு வெளிய!" "கோட்டு மேலடி, கோட்டு மேல!" வீட்டு வாசலைக் கடந்ததை இருவருமே கவனிக்கவில்லை. திருப்பத்துக்கு முன்னால் மனைவியின் செருப்பு வார் அறுந்தது. பேச்சை நிறுத்தாமலே இரண்டையும் கழற்றி, யார் வாங்குகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் சாலை போட ஜல்லி கொட்டியிருந்தார்கள். சின்னவள் திட்டிக்கொண்டே அண்ணியின் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக ஓரத்துக்கு இழுத்தாள். "பாத்து நடந்தா என்ன?" "நீ பேசறதுல நான் எங்க பாக்கறது?" அவர்கள் தெரு முனையில் திரும்பி மறைந்தார்கள். வீட்டுச் சாவி மனைவியின் பையில் இருந்தது. நான் ஜோடி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். அடுத்த தெருவிலிருந்து இரண்டு குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன.